கவிதையைப் பாட்டாக்குவது: இனம் பற்றிய கவிதைகளும் ஒரு குரலும் ஒரு பியானோவும்

இனப் பாகுபாடு பற்றிய ஒரு கவிதையை ஒருவர் குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, ஊர்வலத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற போராட்டப் பாட்டு. இல்லாவிட்டால், ஏற்கெனவே சோகமாக இருக்கும் வரிகளுக்கு இன்னும் கொஞ்சம் சோகம் சேர்ப்பதற்காகப் பின்னால் வாசிக்கப்படும் பியானோ. இரண்டுமே சரியில்லை. இரண்டாவது நினைப்பு இந்த இசைக்கே பெரிய அநியாயம், ஏனென்றால் கவிதையில்தான் எல்லாம் இருக்கிறது, இசையமைப்பாளர் அதற்கு நகை மாட்டிவிட்டார் என்கிற முடிவுக்கு அது நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது அமெரிக்காவைப் பற்றி. அங்கே கறுப்பினக் கவிஞர்கள் எழுதிய கவிதைகளையும், அவற்றைப் பெரும்பாலும் கறுப்பின இசையமைப்பாளர்களே பாட்டாக்கிய விதத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேவைப்படும் இரண்டு மூன்று சொற்களை வரும் இடத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

ஒரே வாக்கியம், பல பேச்சு

"நானும் இந்த வீட்டு ஆள்தான்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கெஞ்சியும் சொல்லலாம், கோபமாகவும் சொல்லலாம். சிரித்துக்கொண்டே, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்கிற தோரணையிலும் சொல்லலாம். "நானும்" என்பதில் அழுத்தினால் ஒரு பொருள், "இந்த" என்பதில் அழுத்தினால் வேறு பொருள். சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தாளில் எழுதும்போது இவை எல்லாமே ஒரே வாக்கியம்தான். எந்தத் தொனி என்பதை வாசிக்கிறவர் தன் மனசுக்குள் முடிவு செய்துகொள்கிறார், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்.

கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஐ, டூ' என்ற கவிதை ஏறக்குறைய இதே வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. 1926இல் வெளியான அவருடைய முதல் தொகுப்பில் அது இருக்கிறது. விருந்தாளிகள் வரும்போது சமையலறைக்குப் போய்ச் சாப்பிடு என்று அனுப்பப்படும் ஒரு கறுப்பு மனிதன் பேசுகிறான். சிரிக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், உடம்பைத் தேற்றிக்கொள்கிறான். நாளைக்கு மேசையில்தான் உட்காருவேன், அப்போது என்னைச் சமையலறைக்குப் போ என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது என்கிறான். முதல் வரியில் நானும் அமெரிக்காவைப் பாடுகிறேன் என்றவன், கடைசி வரியில் நானும் அமெரிக்காதான் என்று முடிக்கிறான்.

இதற்கு இசையமைப்பவர் முன்னால் உடனே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் ஒரே மெட்டா, வேறு மெட்டா? ஒரே மெட்டு என்றால் அந்த மனிதன் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தான் என்று ஆகும். கடைசி வரி மேலே ஏறிப் பெரிதாக ஒலித்தால், பாட்டு போகும் வழியில் அவன் வளர்ந்துவிட்டான் என்று ஆகும். கடைசியில் குரல் தாழ்ந்து மெதுவாக முடிந்தால் அந்த 'நாளை' இன்னும் வரவில்லை என்று கேட்பவருக்குத் தோன்றலாம். கவிதை வாசிக்கும் நாம் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். இசையமைப்பாளருக்கு அந்த வசதி கிடையாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

ஆக, கவிதைக்கு இசையமைப்பது அந்தக் கவிதையைச் சத்தமாக, மாற்ற முடியாதபடி, வாசித்துக் காட்டுவது. இனம் பற்றிய கவிதையில் அந்த ஒவ்வொரு தேர்வும் பேசுகிற மனிதனைப் பற்றிய தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது: அவன் கெஞ்சுகிறானா, கேட்கிறானா, அறிவிக்கிறானா?

ஆர்ட் சாங் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதையை எடுத்து, ஒரு பாடகருக்கும் ஒரு பியானோவுக்கும் என்று முழுசாக இசைக்குறிப்பில் எழுதிவைத்து, கச்சேரி மேடையில் மைக் இல்லாமல் பாடப்படுவதை ஆர்ட் சாங் என்கிறார்கள். இதில் மெட்டுக்கு வரி எழுதும் பேச்சே இல்லை. கவிதை முதலில், இசை பிறகு. 1815இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் ஜெர்மன் கவிஞர் கோதேயின் 'எர்ல்கோனிக்' கவிதைக்கு இசையமைத்தது இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். கதைசொல்லி, அப்பா, சாகக் கிடக்கும் பிள்ளை, பிள்ளையை அழைக்கும் ஆவி ஆகிய நான்கு பேரையும் ஒரே பாடகர் பாடுகிறார், பியானோ குதிரையாக ஓடுகிறது.

பியானோவைப் பக்கவாத்தியம் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் இந்த வகைப் பாட்டில் பாதி கைநழுவிப் போகும். அது பாடகரின் பின்னால் நிற்பதில்லை, பக்கத்தில் நின்று பேசுகிறது. சில சமயம் பாடகர் சொல்வதை மறுக்கவும் செய்கிறது.

'நான்' யார்?

ஹியூஸின் இன்னொரு கவிதை 'தி நீக்ரோ ஸ்பீக்ஸ் ஆஃப் ரிவர்ஸ்', அதாவது ஆறுகளைப் பற்றி நீக்ரோ பேசுகிறான். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 1920இல், மெக்ஸிகோவிலிருந்த அப்பாவைப் பார்க்க ரயிலில் போகும்போது, செயின்ட் லூயிஸ் அருகே மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் நேரத்தில் எழுதியது. 1921 ஜூனில் கறுப்பினத்தவரின் 'தி க்ரைசிஸ்' பத்திரிகையில் வெளியானது. யூஃப்ரட்டீஸில் குளித்தேன், காங்கோ கரையில் குடிசை போட்டேன், நைலைப் பார்த்து அதன் மேலே பிரமிடுகளை எழுப்பினேன், லிங்கன் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனபோது மிசிசிப்பி பாடியதைக் கேட்டேன் என்று அதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. எழுதியவர் இருபது வயதுகூட ஆகாத பையன். அப்படியானால் இந்த 'நான்' அவர் மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கவிதையின் தலைப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே எந்த வரியிலும் பேசுபவர் இன்ன இனத்தவர் என்று நேரடியாகச் சொல்லவே இல்லை. ஆறுகளின் பெயர் வருகிறது, லிங்கன் பெயர் வருகிறது, ஆறுகள் கருமை படிந்தவை என்று ஒரு அடைமொழி வருகிறது, அவ்வளவுதான். வாசிப்பவருக்குத் தலைப்பு கண்முன்னால் இருக்கும். பாட்டில் தலைப்பை யாரும் பாடுவதில்லையே! அந்தத் தலைப்பு செய்த வேலையை இனி இசைதான் செய்யவேண்டும்.

மார்கரெட் பாண்ட்ஸ் அதைச் செய்தார். 1913இல் பிறந்த சிகாகோப் பெண், கறுப்பின இசையமைப்பாளர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் படிக்கலாம், ஆனால் வளாகத்தில் தங்க முடியாது, நீச்சல் குளத்தில் இறங்க முடியாது. அந்த நாட்களில்தான் பல்கலைக்கழகம் இருக்கும் எவன்ஸ்டன் ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் கவிதைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இந்தக் கவிதை கண்ணில் பட்டதாகவும், தன்னைக் கீழே தள்ளிய இடத்தில் அது தனக்குப் பெரிய தெம்பு கொடுத்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹியூஸோடு நட்பானார், கவிதையைப் பாட்டாக்கினார், 1942இல் அது அச்சில் வந்தது. அதில் குரலின் மெட்டில் கறுப்பினத் தேவாலயப் பாட்டின் சாயல் இருக்கும், பியானோவின் கார்டுகளில் ஜாஸ் வாசம் அடிக்கும். கார்ட் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. பேசுபவர் யார் என்று வரியில் சொல்லாததை அந்தச் சாயலும் வாசமும் சொல்லிவிடுகின்றன.

ஹோவர்ட் ஸ்வான்சன் என்ற இன்னொரு கறுப்பின இசையமைப்பாளரும் அதே கவிதையை எடுத்தார். அவர் பாரிஸில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் படித்தவர். அவருடைய பியானோ இறுக்கமானது, அலங்காரம் குறைவு, ஒரே வடிவத்தை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போகும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டுக்கு ஆஸ்டினாட்டோ என்று பெயர். பாடகி மேரியன் ஆண்டர்சன் கார்னகி மண்டபத்தில் இதைப் பாடிய பிறகுதான் ஸ்வான்சன் பெயர் பரவலாகத் தெரிய வந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்குத் தோன்றுவது இது: பாண்ட்ஸின் பாட்டில் ஒரு பாட்டி கதை சொல்கிறாள். அவளுக்கு ஒவ்வொரு ஆறும் தனித்தனி நினைவு, ஆறு மாறினால் குரலின் நிறமும் மாறும். ஸ்வான்சனின் பாட்டில் ஆறே பேசுகிறது, மனிதர்கள் அதன் கரையில் வந்து போகிறார்கள். எது சரியான வாசிப்பு என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் இரண்டும் ஒரே கவிதையைப் பற்றிய இரண்டு வெவ்வேறு கருத்துகள் என்பது காதுக்கே தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கவிதையில் 'நான்' என்று வந்தால் அந்த நான் யார், எத்தனை பேர், எந்த வயது என்பதை இசையமைப்பாளர் முடிவு செய்கிறார். அதை வேகம், ஸ்தாயி, சாயல், பியானோ வாசிப்பு ஆகியவற்றால் சொல்கிறார், வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல்.

சிரிக்கும் முகமும் அழும் கையும்

இந்த வடிவத்தில் குரலும் பியானோவும் ஒரே நேரத்தில் வேறு வேறு விஷயம் சொல்லலாம். இனம் பற்றிய கவிதைகளுக்கு இது மிகவும் பொருந்திப் போவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு மனம் என்று வாழ நேர்ந்தவர்களைப் பற்றித்தான் அந்தக் கவிதைகளில் எத்தனையோ பேசுகின்றன. கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் 1890களிலேயே 'வீ வேர் த மாஸ்க்' எழுதினார். சிரிக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டிருக்கிறோம், உலகம் அதை மட்டும் பார்க்கட்டும் என்கிற கவிதை.

ஹியூஸின் 'மின்ஸ்ட்ரல் மேன்' இன்னும் குறிப்பானது. மின்ஸ்ட்ரல் ஷோ என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய மேடைக் கேளிக்கை. பிறகு பிழைப்புக்காகக் கறுப்பினக் கலைஞர்களும் அதே வேடம் போட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒருவன் பேசுகிறான்: என் வாய் சிரிப்பால் விரிந்திருக்கிறது, கால்கள் ஆடுகின்றன, அதனால் நான் உள்ளுக்குள் சாவது உனக்குத் தெரியவில்லை. பாண்ட்ஸ் இதை 1959இல் 'த்ரீ ட்ரீம் போர்ட்ரெய்ட்ஸ்' என்ற மூன்று பாட்டுத் தொகுப்பில் முதலாவதாக வைத்தார். அந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டு நாம் முன்பு பார்த்த 'ஐ, டூ'.

இந்த வரிகளை வெறும் கவிதையாக வாசிக்கும்போது சிரிப்பும் வலியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், வேறு வழியில்லை. பாட்டில் இரண்டும் ஒரே கணத்தில் நடக்கலாம். குரல் சிரிப்பைச் சொல்லும்போது பியானோவின் கீழ்ஸ்தாயியில் ஒரு உறுத்தலான கார்ட் விழுந்தால் போதும். நேர்மாறாகவும் செய்யலாம், குரல் வலியைச் சொல்லும்போது பியானோ மேடை ஆட்டத்தின் தாளத்தை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கொடுமையாகப் படும், ஏனென்றால் அந்த ஆட்டத்தை நிறுத்தும் உரிமை அவனுக்கு இல்லை.

பியானோவுக்கு இன்னொரு அதிகாரமும் உண்டு. பாடகர் வாயை மூடிய பிறகும் அது பேசலாம். கவிதை முடிந்துவிட்டது, கவிஞர் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் பியானோ தனியாக சில நொடிகள் போகிறது. நம்பிக்கையோடு முடியும் ஒரு கவிதையைப் பியானோ நிம்மதியான கார்டில் முடித்தால் அந்த 'நாளை' வந்துவிட்டது. தீராத ஒரு கார்டில் அப்படியே நிறுத்தினால் நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

அழுத்தம் எங்கே விழுகிறது?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஏதாவது ஒரு அசை மற்றதைவிட ஓங்கி ஒலிக்கும். 'ரிவர்' என்றால் 'ரி'யில் அழுத்தம். அந்த அசை தாளத்தின் பலமான அடியில் விழுந்தால் சொல் இயல்பாகக் கேட்கும், தவறிப்போனால் வேற்றூர்க்காரர் தட்டுத் தடுமாறிப் பேசுவதுபோல் இருக்கும். ஒரே அசையைப் பல சுரங்களுக்கு நீட்டிப் பாடுவதற்கு மெலிஸ்மா என்று பெயர். அதை எந்தச் சொல்லுக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், இசையமைப்பாளர் எந்தச் சொல்லைக் கையில் எடுத்து நம்மிடம் காட்டுகிறார் என்று தெரியும்.

பேச்சு வழக்கில் எழுதிய கவிதைகளில் இது இன்னும் சிக்கல். டன்பார் பொது ஆங்கிலத்திலும் எழுதினார், தென்மாநிலக் கறுப்பினத்தவரின் பேச்சு மொழியிலும் எழுதினார். அந்தப் பேச்சு மொழியைப் பாடகர் மிகைப்படுத்தினால் ஒரு நொடியில் அது மின்ஸ்ட்ரல் மேடையின் கேலியாகிவிடும். அதனால்தான் நல்ல பாடகர்கள் இந்த வகைப் பாட்டுகளில் உச்சரிப்புக்கு அவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள்.

ஸ்பிரிச்சுவல் வேறு, ஆர்ட் சாங் வேறு

அதிகம் குழப்பப்படும் இடம் இதுதான். ஸ்பிரிச்சுவல் என்பது அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் சேர்ந்து பாடிய பக்திப் பாட்டு. தனிக் கவிஞர் கிடையாது, எழுத்து கிடையாது, வாய்வழியாக வந்தது. 1871இல் கிளம்பிய ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் குழு அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. பிறகு கறுப்பின இசையமைப்பாளர் ஹாரி பர்லி அந்தப் பாட்டுகளைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். 1917 வாக்கில் வந்த அவருடைய 'டீப் ரிவர்' இன்றும் பாடப்படுகிறது. இங்கே மெட்டும் வரியும் ஏற்கெனவே இருக்கின்றன, பர்லி சேர்த்தது பியானோவையும் மேடைக்குரிய கட்டமைப்பையும். ஆர்ட் சாங்கில் கவிஞர் ஒருவர் எழுதிய கவிதைக்கு மெட்டே புதிதாகப் பிறக்கிறது.

குழப்பம் வருவதற்குக் காரணமும் உண்டு, இரண்டும் ஒரே மேடையில் ஒரே பாடகரால் பாடப்படுகின்றன. 1939 ஏப்ரல் 9 அன்று, வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கம் நிறத்தைக் காரணம் காட்டி மேரியன் ஆண்டர்சனுக்கு மறுக்கப்பட்ட பிறகு, அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேருக்கு முன்னால் பாடினார். திறந்த வெளியில், துணைக்கு ஒரு பியானோ மட்டும். ஐரோப்பிய இசையும் பாடினார், ஸ்பிரிச்சுவல்களும் பாடினார், அவற்றில் ஒன்று ஃப்ளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் அமைத்தது.

கறுப்பினக் கவிஞர் எழுதியது என்றாலே கறுப்பின இசை வகைகளான ப்ளூஸிலோ ஜாஸிலோதான் இசையமைக்க வேண்டும் என்று நினைப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு பக்கம். ஹியூஸ் ப்ளூஸ் வடிவத்திலேயே நிறையக் கவிதைகள் எழுதினார், உண்மை. அவற்றுக்கு ப்ளூஸ் பொருந்தும். ஆனால் ஆறுகளைப் பற்றிய கவிதையில் பைபிள் நடையில் நீண்ட வரிகள் இருக்கின்றன, அது வேறு நடை கேட்கிறது. எந்தச் சாயல் வேண்டும் என்று கவிஞரின் தோல் சொல்லாது, கவிதைதான் சொல்லவேண்டும்.

சரி, இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது: ஸ்பிரிச்சுவல் ஊர் சேர்ந்து உண்டாக்கிய பாட்டு, ஆர்ட் சாங் ஒரு கவிதைக்கு ஒருவர் கொடுத்த வாசிப்பு. முன்னதன் சாயல் பின்னதில் வரலாம், வராமலும் போகலாம்.

துயரம் மட்டும்தானா?

இனம் பற்றிய கவிதை என்றவுடன் அடி, உதை, அழுகை என்று மட்டும் எதிர்பார்ப்பதும் ஒருவகையில் அந்த மக்களைச் சின்ன அறைக்குள் பூட்டுவதுதான். ஃப்ளோரன்ஸ் பிரைஸின் 'சாங்ஸ் டு த டார்க் வர்ஜின்' கேட்டுப் பாருங்கள். 1941இல் அச்சான பாட்டு, கவிதை ஹியூஸுடையது. கறுத்த நிறமுள்ள ஒரு பெண்ணின் காலடியில் உடைந்து சிதறும் ரத்தினமாக நான் இருக்கக் கூடாதா என்று தொடங்கி, அவள் மேனியைச் சுற்றும் பட்டாக, துள்ளிப் பாயும் தீச்சுடராக மாற ஆசைப்படும் காதல் கவிதை. அதில் ஹியூஸ் பயன்படுத்தும் ஆங்கிலம் பழைய தோத்திரங்களின் மரியாதை மொழி. பிரைஸ் பியானோவில் அலையலையாகச் சுரங்களை ஓடவிட்டு, ஐரோப்பியக் காதல் பாட்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட அத்தனை செல்வத்தையும் அந்தக் கறுத்த பெண்ணுக்குக் கொடுக்கிறார். கறுப்பு நிறத்தை அழகு என்று சொல்லாத மேடையில் அதைத் தெய்வத்துக்குரிய மொழியில் பாடுவது எவ்வளவு பெரிய வாதம்! ஒரு சொல்கூட உயர்த்திப் பேசாமல் அந்த வாதம் நடந்து முடிகிறது.

பிரைஸ் எழுதியவற்றில் நிறைய அச்சேறவே இல்லை. 1933இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது, அதே கச்சேரியில் பியானோ வாசித்தவர் நம் மார்கரெட் பாண்ட்ஸ். அப்படியிருந்தும் அவர் 1953இல் இறந்த பிறகு பல கையெழுத்துப் பிரதிகள் எங்கே போயின என்று தெரியாமலிருந்து, 2009இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் ஊரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. இந்தப் பாட்டுகள் ஏன் பரவலாகத் தெரியவில்லை என்று யாராவது கேட்டால், தரம் போதாது என்பது பதில் இல்லை. வீடு இடிந்திருந்தால் பாட்டும் போயிருக்கும்.

ஒரே குரலில் தாயும் மகளும்

இன்னொரு கவிதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1963 செப்டம்பர் 15 அன்று, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அதைப் பற்றிக் கறுப்பினக் கவிஞர் டட்லி ராண்டல் 'பாலட் ஆஃப் பர்மிங்ஹாம்' எழுதினார். மகள் உரிமை ஊர்வலத்துக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள். அம்மா வேண்டாம் என்கிறாள், அங்கே நாய்கள் இருக்கும், தடியும் துப்பாக்கியும் இருக்கும், நீ தேவாலயத்துக்குப் போய்ப் பாடு. மகளுக்குத் தலை வாரி, வெள்ளைக் கையுறையும் வெள்ளைச் செருப்பும் போட்டு அனுப்புகிறாள். பிறகு வெடிச் சத்தம். இடிபாடுகளைக் கையால் கிளறும் அம்மாவுக்கு ஒரு செருப்பு மட்டும் கிடைக்கிறது.

நான்கு நான்கு வரியாக எட்டுப் பத்திகள், பழைய நாட்டுப்புறக் கதைப்பாட்டின் வடிவம். எல்லாப் பத்திக்கும் ஒரே மெட்டைத் திரும்பப் பாடுவதை ஸ்ட்ரோஃபிக் அமைப்பு என்பார்கள். கதைப்பாட்டுக்கு அதுதான் இயல்பு. கேட்பவர் மெட்டைப் பழகிக்கொள்வார், மெட்டு மாறாமல் கதை மட்டும் கொடூரத்தை நோக்கிப் போகும்போது, அம்மா தலை வாரிய அதே மெட்டில் அவள் கண்ணாடித் துண்டுகளைக் கிளறும்போது, நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மாறாக ஒவ்வொரு பத்திக்கும் புதிய இசை எழுதினால் மகளின் ஆசை, அம்மாவின் பயம், வெடிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டலாம், ஆனால் அந்த மாறாத மெட்டின் குரூரம் போய்விடும். வெடிச் சத்தத்தைப் பியானோ வாசித்துக் காட்டவேண்டுமா, அல்லது அந்த இடத்தில் முழு மௌனமா என்பதும் இசையமைப்பாளரின் மனசாட்சிக்கு விடப்பட்ட கேள்வி. மேடையில் அதை ஒரு வித்தையாகக் காட்டுவது இறந்த குழந்தைகளுக்குச் செய்யும் அவமரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தக் கவிதைக்கு இசையோடு பழைய உறவு ஒன்று உண்டு. நாட்டுப்புறப் பாடகர் ஜெர்ரி மூர் இதைப் பாட்டாக்க விரும்பியபோது, உரிமை தன் கையைவிட்டுப் போகாமலிருக்க ராண்டல் 1965இல் கவிதையைத் தனித்தாளாக அச்சிட்டார். டெட்ராய்ட்டில் அவர் நடத்திய பிராட்சைட் பிரஸ் என்ற முக்கியமான கறுப்பினப் பதிப்பகம் அப்படித்தான் தொடங்கியது. பல ஆண்டுகள் கழித்து, 2020இல், இசையமைப்பாளர் ஷான் ஒக்பெபோலோ அதே கவிதையைக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். கூடவே 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி மார்கஸ் அமேக்கர் எழுதிய 'தி ரெயின்' கவிதையையும் சேர்த்து, 'டூ பிளாக் சர்ச்சஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டு தேவாலயங்கள், நடுவில் 52 வருடம். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடும்போது நடுவில் வரும் அந்த இடைவெளி, எந்தக் கவிஞரும் எழுதாத ஒரு வரியாக அங்கே நிற்கிறது.

யார் இசையமைக்கலாம், யார் பாடலாம்?

இந்த விவாதம் சூடாக நடப்பது உண்டு. வரலாறு கொஞ்சம் உதவும். 1929இல் ஜெர்மன் மொழியில் 'ஆஃப்ரிக்கா ஸிங்ட்' என்ற தொகுப்பு வந்தது, ஹியூஸ் உட்படப் பல கறுப்பினக் கவிஞர்களின் மொழிபெயர்ப்பு. வியன்னாவின் இசையமைப்பாளர் ஸெம்லின்ஸ்கி அதிலிருந்து கவிதைகளை எடுத்து முதலில் ஆர்கெஸ்ட்ராவுக்கும், பின்னர் குரலுக்கும் பியானோவுக்குமாகவும் இசையமைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி அவரே 1938இல் அமெரிக்காவுக்கு ஓடிவர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜான் மஸ்டோ போன்ற வெள்ளை இசையமைப்பாளர்கள் ஹியூஸை எடுத்திருக்கிறார்கள். கவிதை ஒரு வேலிக்குள் நின்றதில்லை.

பாடுவதைப் பற்றி என் கருத்து இது. இந்தப் பாட்டுகளைக் கறுப்பினப் பாடகர்கள் மட்டும்தான் பாட வேண்டும் என்றால் அவை வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரியில் வரும் கறுப்பின வரலாற்று மாதத்தில் மட்டும் மேடையேறும் பொருளாகச் சுருங்கிவிடும். அப்படி ஆகக் கூடாது என்று அந்தத் துறையிலேயே பலர் பாடுபடுகிறார்கள். டாரில் டெய்லர் 1997இல் தொடங்கிய ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் ஆர்ட் சாங் அலையன்ஸ் அமைப்பு இந்தப் பாட்டுகளைத் தேடி வெளிக்கொணர்வதையே வேலையாக வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பாடகராக இருந்தாலும் 'நான்' என்று வாய் திறக்கும்போது அது தன் அனுபவம் போல நடிக்கத் தேவையில்லை. இன்னொருவரின் சாட்சியத்தைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தால் போதும். அதற்குக் கவிதையையும், அது எழுதப்பட்ட காலத்தையும் படிக்க வேண்டும். பேச்சு வழக்கில் எழுதிய கவிதை என்றால் இரட்டிப்பு கவனம்.

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு

முதலில் ஆறுகள் கவிதையைச் சத்தமாக வாசியுங்கள். நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள், எந்த ஆற்றின் பெயரில் குரல் மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு பாண்ட்ஸ் அமைத்ததைக் கேளுங்கள், முதல் முறை பாடகரை மறந்துவிட்டு பியானோவை மட்டும். மிசிசிப்பி வரும் இடத்தில் பியானோவுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள், அதுவரை பழங்காலத்தில் இருந்த கவிதை அமெரிக்க மண்ணில் கால் வைக்கும் இடம் அது. அப்புறம் ஸ்வான்சனைக் கேளுங்கள். உங்கள் வாசிப்புக்கு எது அருகில் இருக்கிறது, எது உங்களோடு சண்டை போடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சண்டை போடுவதை இன்னொரு முறை கேளுங்கள், கவிதையில் நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன ஏதோ ஒரு வரியை அந்த இசையமைப்பாளர் கவனித்திருப்பார்.